பழைய புது விடுதியும் அதன் சிற்றுருவும்

மன்னர்கள் எழுப்பிய கோட்டைகளுக்கு வரலாறு உண்டு. மாளிகைகளுக்கும் வழிபாட்டுத் தலங்களுக்கும் வரலாறு உண்டு. ஆனால், வழிப்போக்கன் ஓரிரவு தலைசாய்த்து, விடிந்ததும் எழுந்து சென்ற விடுதிகளின் வரலாற்றை எழுதுவார் மிக அரியர். ஸராய் என்றும், முஸாபிர்கானா என்றும், சத்திரம் என்றும் நாட்டுக்கு நாடு பெயர் வேறுபட்டாலும் அவற்றின் தலைவிதி ஒன்றுதான். ஆயிரம் பேருக்கு நிழல் தந்துவிட்டு, ஒருவர் பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ளாமல் அவை மண்ணோடு மண்ணாகின்றன. பாதை மாறினால் பயணி மாறுவான். பயணி மாறினால் விடுதி பாழடையும். உலகெங்கும் நாம் காணும் கதை இதுவே.

இந்தப் பொதுவிதிக்கு விலக்காக ஒரு விடுதி இங்கிலாந்து நாட்டின் சிற்றூர் ஒன்றில் இருக்கிறது. அது தன் கதையை ஏட்டில் எழுதி வைக்கவில்லை. தன்னையும், தன்னைச் சூழ்ந்த ஊரையும், கல்லாலும் நீராலும் மரத்தாலும், ஒன்பதில் ஒரு பங்கு அளவில், தன் பின்புறத் தோட்டத்திலேயே கட்டி வைத்துக்கொண்டது. அந்தச் சிற்றுருவின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். விளையாட்டுப் பொருள்போல் தோன்றும் ஒன்றைப் பற்றி ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் கருதக்கூடும். நகல் என்பது என்ன, மூலம் என்பது என்ன, ஒரு தலைமுறை தன் ஊரை அடுத்த தலைமுறைக்கு எவ்விதம் ஒப்படைக்கிறது என்னும் வினாக்களெல்லாம் அந்தச் சிறிய கட்டடங்களுக்குள் அடங்கியிருப்பதை வாசகர்கள் போகப்போகக் காண்பார்கள்.

ஊரும் பாதையும்

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் குளொஸ்டர்ஷயர் என்னும் மாவட்டம் உள்ளது. அதில் காட்ஸ்வோல்ட் எனப்படும் குன்றுத் தொடரின் மடியில் போர்ட்டன்-ஆன்-தி-வாட்டர் என்னும் ஊர் அமைந்திருக்கிறது. 'நீர்மேல் போர்ட்டன்' என்று நாம் இதனைத் தமிழில் சொல்லலாம். பெயருக்கேற்ப, விண்ட்ரஷ் என்னும் சிற்றாறு ஊரின் நடுத்தெருவையொட்டியே ஓடுகிறது. முழங்கால் நனையும் ஆழமே அதற்கு உண்டு. அதன்மேல் தாழ்ந்த கற்பாலங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. வெனிஸ் நகரத்தோடு இவ்வூரை ஒப்பிட்டு அந்நாட்டார் பெருமை பேசுவது வழக்கம்.

இப்பகுதியின் சிறப்பு அதன் கல். ஏறத்தாழ 17 கோடி ஆண்டுகளுக்கு முன் வெதுவெதுப்பான ஆழமற்ற கடலொன்றின் அடியில் படிந்த சுண்ணக் கல் அது. மீன்முட்டைகளை நெருக்கி வைத்தாற்போல நுண்ணிய உருண்டைகளால் ஆனது. தேனின் நிறம் கொண்டது. வீடு, வேலி, பாலம், தேவாலயம் எதுவாயினும் இதே கல்லால் கட்டுவார்கள். கூரைக்கும் ஓடு வேய்வதில்லை; மெல்லிய பலகைகளாகப் பிளந்த கல்லையே வேய்வார்கள். அதிலும் ஒரு முறை உண்டு. கூரையின் அடிவரிசையில் பெரிய பலகைகள் தொடங்கும். மேலே செல்லச்செல்லப் பலகைகள் சிறுத்து, முகட்டருகே மிகச் சிறியவை அமையும். சுமையைச் சுவர்மேல் இறக்கவும், மழைநீரை விரைந்து வடிக்கவும் கண்ட வழி இது.

ஊரையொட்டிச் செல்லும் பெருவழி மிகப் பழையது. உரோமர்கள் பிரிட்டனை ஆண்ட காலத்தில் எக்ஸிட்டர் நகரையும் லிங்கன் நகரையும் இணைத்துப் போட்ட 'ஃபாஸ் வே' என்னும் நேர்ப்பாதை அது. பின்னர், இடைக்காலத்தில் காட்ஸ்வோல்ட் ஆடுகளின் கம்பளி ஐரோப்பாவெங்கும் விலைபோயிற்று. கம்பளி வணிகர்கள் நடமாடினார்கள். அதற்கும் பின்னால் குதிரை வண்டிகளின் காலம் வந்தது. குதிரைகள் களைத்தால் மாற்ற வேண்டும். பயணிகள் பசித்தால் உண்ண வேண்டும். இரவானால் உறங்க வேண்டும். இத்தேவைகளின் பயனாகவே ஆங்கில நாட்டின் ஒவ்வொரு பாதையோரத்திலும் விடுதிகள் முளைத்தன. கீழே உணவுக் கூடமும் மதுக் கூடமும், மேலே உறங்கும் அறைகளும், பின்னால் குதிரை லாயமும், அதனையடுத்துக் காய்கறித் தோட்டமும் அவற்றின் பொதுவான அமைப்பு. போர்ட்டனில் 18ஆம் நூற்றாண்டில் எழுந்த அத்தகைய விடுதி ஒன்றே நம் கதைக்குரியது. அதன் பெயர் 'ஓல்டு நியூ இன்', அதாவது 'பழைய புது விடுதி'.

பெயரைக் கேட்டவுடன் புன்னகை எழுவது இயல்பு. பழையதும் புதியதும் ஒன்றாக இருப்பது எங்ஙனம்? ஒரு காலத்தில் புதிதாக எழுந்தபோது 'புது விடுதி' என்றார்கள். நூற்றாண்டு கடந்த பின்னும் அப்பெயர் நீங்கவில்லை. ஆகவே, அதன் முன்னால் 'பழைய' என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். இது ஆங்கிலேயர்க்கு மட்டும் உரிய விந்தையன்று. ஆக்ஸ்ஃபோர்டில் 1379ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கல்லூரி இன்றும் 'புதுக் கல்லூரி' என்றே அழைக்கப்படுகிறது. இஸ்தான்புல் நகரத் துறைமுகத்தருகே 17ஆம் நூற்றாண்டில் கட்டி முடிக்கப்பட்ட பள்ளிவாசலும் இன்றுவரை 'யெனி ஜாமி', அதாவது 'புதுப் பள்ளி'தான். புதுமை என்பது ஒரு நாள் வந்து தங்கும் விருந்தாளி. பழமை என்பது பிறகு வந்து குடியேறும் வீட்டுக்காரன். பெயர்கள் இவ்வுண்மையை நமக்கு அறிவிக்கின்றன.

விடுதிக்காரரின் எண்ணம்

குதிரை வண்டிகளின் காலத்தைப் புகைவண்டி முடித்துவைத்தது. 1862ஆம் ஆண்டு போர்ட்டனுக்கு இருப்புப்பாதை வந்து சேர்ந்தது. சரியாக ஒரு நூற்றாண்டு கழித்து, 1962ஆம் ஆண்டில், பயணிகள் வண்டி நிறுத்தப்பட்டது. இதற்கிடையில் முதல் உலகப் போருக்குப் பின் மோட்டார் வாகனம் பெருகிற்று. நகரத்து மக்கள் ஓய்வு நாள்களில் சிற்றூர்களைத் தேடி வரலாயினர். பாதையோர விடுதிகளுக்கு மீண்டும் உயிர் வந்தது. முன்பு வந்தவர்கள் வேறெங்கோ போகும் வழியில் தங்கியவர்கள். இப்போது வந்தவர்களோ அந்த ஊரையே காண வந்தவர்கள். இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளாமல் சிற்றுருவின் பிறப்பை நாம் விளங்கிக்கொள்ள இயலாது.

1930களில் பழைய புது விடுதியை நடத்தியவர் சி. ஏ. மாரிஸ் என்பவர். வரும் விருந்தினர்க்கு ஊரைக் காட்ட விரும்பிய அவர், ஊரையே தம் தோட்டத்துக்குள் கொண்டுவர எண்ணினார். விடுதியின் பின்புறத் தோட்டம் இப்பணிக்கென ஒதுக்கப்பட்டது. உள்ளூர்க் கைவினைஞர்கள் அமர்த்தப்பட்டார்கள். வெளியூர்ச் சிற்பிகளையோ பொம்மை செய்வோரையோ தேடிப் போகாமல், அதே ஊரின் கல்லை அறிந்த கைகளையே பணிக்கு அமர்த்தியது குறிப்பிடத்தக்கது. 1937ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள், ஆறாம் ஜார்ஜ் மன்னர் முடிசூடிய அன்று, சிற்றூர் பொதுமக்களுக்குத் திறந்துவைக்கப்பட்டது.

இத்தகைய முயற்சி அந்நாட்டில் இது முதலாவதன்று. 1929ஆம் ஆண்டிலேயே பீகன்ஸ்ஃபீல்டு என்னும் ஊரில் ரோலண்டு காலிங்ஹாம் என்ற கணக்காய்வாளர் தம் தோட்டத்தில் 'பெகன்ஸ்காட்' என்ற சிற்றூரைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் அமைத்திருந்தார். ஆனால், அது கற்பனை ஊர். உலகப் படத்தில் அதனைத் தேடினால் கிடைக்காது. போர்ட்டன் சிற்றுருவோ, வாயிற்படியைத் தாண்டினால் காணக்கூடிய உண்மை ஊரின் உரு. கற்பனை ஊரைக் கட்டியவரைக் குற்றம் கூற எவராலும் இயலாது. உண்மை ஊரைக் கட்டுபவரையோ, "என் வீட்டின் சாளரம் இப்படியா இருக்கிறது?" என்று அண்டை வீட்டார் வந்து கேட்கலாம். அளவில் நேர்மை என்பது இங்கே கட்டாயமாகிறது.

ஒன்பதில் ஒன்று

ஒன்பதில் ஒரு பங்கு என்றால் என்ன என்பதை நாம் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். 6 அடி உயரமுள்ள மனிதன் அங்கே 8 அங்குலம் இருப்பான். 6 அடி 9 அங்குலக் கதவு 9 அங்குலமாகும். 27 அடி உயரமான விடுதி 3 அடியாகி, நம் இடுப்பளவில் நிற்கும். நீளத்தில் மட்டுமே இந்த ஒன்பது. பரப்பில் அது 81ஆகவும், கன அளவில் 729ஆகவும் பெருகும். ஒரு சுவரைப் பூசத் தேவையான சாந்தில் 81இல் ஒரு பங்கு போதும். ஒரு தூணின் எடையோ 729இல் ஒரு பங்காகக் குறையும்.

இக்கணக்கின் உட்பொருளை 1638ஆம் ஆண்டு வெளிவந்த தம் இறுதி நூலில் கலிலியோ விளக்கினார். பொருளை உருப்பெருக்கினால் அதன் எடை ஒரு வேகத்திலும், அதைத் தாங்கும் வலிமை வேறொரு வேகத்திலும் வளர்கின்றன என்பது அவர் காட்டிய உண்மை. ஆகவேதான் எறும்பின் மெல்லிய கால்கள் அதன் உடலைத் தாங்குகின்றன. யானைக்கோ தூண்போன்ற கால்கள் வேண்டியிருக்கின்றன. சிற்றுரு கட்டுவோருக்கு இவ்விதி ஒருவகையில் உதவி செய்கிறது. சிறியது எளிதில் இடிந்து விழாது.

ஆனால், இயற்கை முழுவதும் அளவுகோலுக்குக் கட்டுப்படுவதில்லை. இதுவே அத்தோட்டத்தின் பெரும் சிக்கல். கல்லைச் சிறிதாக வெட்டலாம். கல்லுக்குள்ளிருக்கும் மணிகளைச் சிறிதாக்க இயலாது. வாய்க்கால் வெட்டி விண்ட்ரஷ் ஆற்றைச் சிறிதாக ஓடவிடலாம். அலையையும் நீர்த்துளியையும் சிறிதாக்க இயலாது. மழை பெய்தால் அச்சிற்றூரின்மேல் விழும் துளிகள், அங்கு வாழ்பவன் ஒருவன் இருப்பானாயின், அவன் கண்ணுக்கு ஒன்பது மடங்கு பெரியவை. பெரிய ஊரின் கூரையில் கறையாகத் தெரியும் பாசி, அங்கே கூரைமேல் முளைத்த புதராகிவிடும். உறைபனி கல்லின் இடுக்கில் புகுந்து விரிசல் உண்டாக்கும்போது, இரண்டடிச் சுவர் தாங்கிக்கொள்ளும் சேதத்தை மூன்று அங்குலச் சுவர் தாங்குவதில்லை.

மரங்களின் நிலை இன்னும் கடினமானது. வீடு கட்டியபடியே நிற்கும். மரம் நட்டபடியே நிற்காது. சிறிய இலைகளும் அடர்ந்த கிளைகளும் கொண்ட குறுமரங்களைத் தேர்ந்து நட்டு, அவற்றைக் காலந்தோறும் கத்தரித்து, அளவுக்கு மீறாமல் காக்க வேண்டும். ஒரு பருவம் கவனிக்காமல் விட்டால் மரம் தேவாலயக் கோபுரத்தை விழுங்கிவிடும். ஆதலால், சிற்றுரு என்பது ஒருமுறை செய்து முடித்த பொருளன்று. நாள்தோறும் செய்துகொண்டே இருக்க வேண்டிய பணி. 1937இல் திறந்துவைத்தவர்கள் அதனை முடித்துவைக்கவில்லை. தொடங்கிவைத்தார்கள் என்பதே பொருந்தும்.

இவ்வளவு இடர்ப்பாடுகளுக்கிடையிலும் அதனைக் கட்டியோர் ஓர் உறுதியை விடவில்லை. அட்டையிலோ மரப்பலகையிலோ வண்ணம் தீட்டிக் கல்போலக் காட்டியிருந்தால் வேலை எளிதாக முடிந்திருக்கும். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. கல் வீட்டைக் கல்லாலேயே கட்டினார்கள். கூரைக்கும் மெல்லிய கற்பலகைகளையே வேய்ந்தார்கள். 1784ஆம் ஆண்டில் எழுந்த கோபுரத்தையும், 14ஆம் நூற்றாண்டின் பழம்பகுதியையும் ஒருங்கே கொண்ட புனித லாரன்ஸ் தேவாலயத்தின் சிற்றுரு அங்கே நிற்கிறது. உள்ளிருந்து பாடகர் குழுவின் இசையும் ஒலிக்கும். மெய்யான பொருளால் செய்த நகல் மெய்யைப் போலவே மூப்படைகிறது. வண்ணம் பூசிய அட்டை கிழியும். கல்லோ நிறம் மாறி, பாசி படர்ந்து, தன் மூலத்தைப் போலவே முதிர்கிறது. பின்னாளில் இச்சிற்றுரு பெற்ற மதிப்புக்கு இந்த நேர்மையும் ஒரு காரணம் என்று நாம் துணிந்து கூறலாம்.

உள்ளுக்குள் உள்

இனி, அத்தோட்டத்தின் தலைசிறந்த வியப்புக்கு வருவோம். ஊரின் உண்மை உருவைக் காட்டுவதென்று முடிவு செய்தால், ஊரில் உள்ள எதனையும் விட்டுவிடலாகாது. விடுதி ஊரில் இருக்கிறது; எனவே சிற்றூரிலும் அது இருக்க வேண்டும். விடுதியின் பின்னால் தோட்டம் இருக்கிறது. அதுவும் இருக்க வேண்டும். தோட்டத்தில் என்ன இருக்கிறது? சிற்றூர் இருக்கிறது! ஆகவே, சிறிய விடுதியின் சிறிய தோட்டத்தில் மேலும் சிறியதொரு சிற்றூரை அமைத்தார்கள். அதற்குள்ளும் விடுதி, அதன் பின்னாலும் தோட்டம், அதற்குள்ளும் ஊர்.

27 அடி உயரமுள்ள கட்டடத்தை எடுத்துக்கொண்டால், முதற் சிற்றுருவில் அது 3 அடி. அதற்குள் அமைந்ததில் 81இல் ஒரு பங்காகி 4 அங்குலம். அதற்கும் உள்ளே 729இல் ஒரு பங்காகி அரை அங்குலத்துக்கும் குறைவு. கணக்கு அத்துடன் நிற்பதில்லை. அடுத்த படியில் 6,561இல் ஒரு பங்காகி, ஒரு கடுகின் பருமனுக்குள் விடுதி முழுவதும் அடங்கிவிட வேண்டும். கணிதம் முடிவின்றிச் செல்லும். கைவினைஞனின் விரல் ஓரிடத்தில் நின்றுவிடும். மனித முயற்சிக்கும் அளவற்றதற்கும் இடையிலுள்ள எல்லைக்கோட்டை ஒரு காய்கறித் தோட்டத்தில் காண்பது எத்துணை வியப்பு!

இதில் வேடிக்கைக்கு அப்பாற்பட்ட ஒரு கருத்தும் உண்டு. தன்னையும் உள்ளடக்கிய உண்மையைச் சொல்ல விழைபவன் முடிவில்லாத பணியை மேற்கொள்கிறான். வரலாறு எழுதுவோர் நிலையும் இதுவே. தம் காலத்தைப் பற்றி எழுதுகிறவர், அக்காலத்தில் அமர்ந்து எழுதிக்கொண்டிருக்கும் தம்மையும் சேர்த்தல்லவோ எழுத வேண்டும்? எங்கோ ஓரிடத்தில் நிறுத்திக்கொள்ளத்தான் வேண்டும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதிலேயே அறிவும் அடக்கமும் புலப்படுகின்றன.

மாதிரியுருக்களின் நெடிய மரபு

கட்டடத்தைச் சிறிதாக்கிக் காணும் ஆவல் நேற்று முளைத்ததன்று. எகிப்து நாட்டின் தீப்ஸ் நகரில், ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மெக்கெத்ரே என்னும் உயர் அலுவலரின் கல்லறையில், மரத்தால் செய்த சிறிய வீடுகளும் படகுகளும் பட்டறைகளும் 1920ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒரு தோட்டமும் உண்டு. அத்தி மரங்கள் சூழ்ந்த அதன் குளத்துக்குச் செப்புத் தகடு பதித்திருக்கிறார்கள். மறுமைப் பயணத்துக்கு வீட்டையும் தோட்டத்தையும் எடுத்துச் செல்ல எண்ணினார் போலும்.

கட்டப்போவதை முன்கூட்டிக் காட்டுவதற்குச் செய்தவை வேறொரு வகை. இலண்டன் நகரப் புனித பவுல் தேவாலயத்துக்காக கிறிஸ்டஃபர் ரென் 1673-74ஆம் ஆண்டுகளில் செய்வித்த பெரிய மர உரு 13 அடி உயரமும் 20 அடி நீளமும் உடையது. ஆனால், அந்த அமைப்பு ஏற்கப்படவில்லை; வேறு அமைப்பிலேயே தேவாலயம் எழுந்தது. கட்டடம் பிறக்கவேயில்லை, அதன் மாதிரி மட்டும் இன்றும் வாழ்கிறது.

கட்டிமுடித்ததைக் கொண்டாடுவதற்கும் மாதிரிகள் உண்டு. 1582ஆம் ஆண்டு உதுமானிய சுல்தான் மூன்றாம் முராது தம் மைந்தர் மெஹ்மதின் சுன்னத்து விழாவை இஸ்தான்புல் நகரின் குதிரைத் திடலில் 50 நாள்களுக்கும் மேலாக நடத்தினார். தொழிற்குழுக்கள் ஒவ்வொன்றும் தத்தம் கைத்திறனைக் காட்டிக்கொண்டு அணிவகுத்தன. கட்டடக் கலைஞர்கள் சுலைமானியாப் பள்ளிவாசலின் மாதிரியுருவைச் சுமந்து சென்றார்கள். அப்பள்ளி 1557ஆம் ஆண்டிலேயே நிறைவுற்றிருந்தது. நக்காஷ் உதுமான் தலைமையில் தீட்டப்பட்ட விழாநூலின் ஓவியத்தில் அக்காட்சியை இன்றும் காணலாம். அரசரின் பெயரால் அறியப்படும் கட்டடத்தை, அதனைக் கட்டிய தொழிலாளரின் கைகள் ஒருநாள் தூக்கிக் காட்டின.

ஆளுவதற்காகச் செய்தவையும் இல்லாமலில்லை. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் போர் அமைச்சர் லூவ்வா 1668ஆம் ஆண்டு தொடங்கிவைத்த கோட்டை நகர உருக்கள் 600இல் ஒரு பங்கு அளவில் அமைந்தவை. எந்த மேட்டிலிருந்து பீரங்கி சுடலாம், எந்தச் சுவர் பலவீனமானது என்பதையெல்லாம் அரசர் அரண்மனையில் இருந்தபடியே அறிய அவை உதவின. ஆதலால் அவை அரசாங்க இரகசியமாகக் காக்கப்பட்டன. அளவு என்பது அன்புக்கும் பயன்படும், ஆதிக்கத்துக்கும் பயன்படும்.

இவையனைத்தினும் நம் உள்ளத்தைத் தொடுவது பிராக் நகர உருவே. அந்நகரப் பல்கலைக்கழக நூலகத்தில் ஊழியராக இருந்த அந்தோனின் லாங்வைல் என்பவர் 1826ஆம் ஆண்டு முதல் 1837இல் தாம் இறக்கும்வரை, ஓய்வு நேரமெல்லாம் செலவிட்டு, தம் நகரை அட்டைக் காகிதத்தில் 480இல் ஒரு பங்கு அளவில் செய்தார். 2,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அதில் உள்ளன. எந்தச் சாளரத்தில் கண்ணாடி உடைந்திருந்தது என்பதைக்கூட அவர் விடவில்லை. வாழ்ந்த காலத்தில் அவருக்குச் செல்வம் சேரவில்லை, பணியும் முற்றுப்பெறவில்லை. அவர் மறைந்த பின்னாளில் பிராக் நகரின் பழைய யூதக் குடியிருப்பு பெரும்பாலும் இடித்துத் தள்ளப்பட்டது. இன்று அத்தெருக்களில் நடக்க விரும்புவோர் நகர அருங்காட்சியகத்தில் லாங்வைலின் காகிதத் தெருக்களில் கண்களால் மட்டுமே நடக்கலாம். கல் அழிந்தது, காகிதம் நின்றது.

நிற்பதா, உடன் செல்வதா?

இம்மரபில் பழைய புது விடுதியின் இடம் யாது? அது கட்டுவதற்கு முன் செய்த மாதிரியன்று, ஆள்வதற்குச் செய்ததுமன்று. அழிந்ததை எண்ணி அழுது செய்ததும் அன்று. வாழும் ஊரை, அது வாழும்போதே, அதன் அருகிலேயே அமைத்த உரு அது. மூலமும் நகலும் கூப்பிடு தொலைவில் நிற்கின்றன. கட்டிய அன்று இரண்டும் ஒத்திருந்தன. அதன் பின்னரே வினா எழுகிறது. ஊர் மாறுமே, உருவும் மாற வேண்டுமா?

ஊர்கள் மாறாமல் இருப்பதில்லை. கடைகள் கைமாறும், பெயர்ப் பலகைகள் மாறும், லாயம் வண்டி நிறுத்துமிடமாகும். மாறியதற்கேற்பச் சிற்றுருவையும் மாற்றினால் அது என்றும் உண்மையுள்ள கண்ணாடியாக இருக்கும். ஆனால், 1930களின் நினைவு அழிந்துபோகும். மாற்றாமல் விட்டால் நினைவு நிற்கும். ஆனால், அது ஊரின் உருவாக இராது. ஊரின் இளமைக்கால உருவாக மட்டுமே இருக்கும். இரண்டில் எது நேர்மை?

முன்னர்க் கூறிய பெகன்ஸ்காட் இவ்வினாவுக்குத் தன் வழியில் விடை கண்டது. பல ஆண்டுகள் அது காலத்தோடு உடன் சென்றது. புதுவகைக் கட்டடங்களும் புதுவகை வண்டிகளும் அதனுள் இடம்பெற்றன. பின்னர், 1992ஆம் ஆண்டில், அதனை நடத்துவோர் மீண்டும் 1930களின் தோற்றத்துக்கே அதனைத் திருப்பினார்கள். இன்றையது வெளியே கொட்டிக் கிடக்கிறது. அன்றையது இங்கு மட்டும்தானே இருக்கிறது என்பது அம்முடிவின் உட்கருத்தாக இருந்திருக்க வேண்டும்.

ஹேக் நகரிலுள்ள மதுரோதாம் வேறொரு விடையைத் தருகிறது. 25இல் ஒரு பங்கு அளவில் அமைந்த அச்சிற்றூர் 1952ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் நாஜிகளை எதிர்த்து நின்று, 1945ஆம் ஆண்டு பிப்ரவரியில் டாக்காவ் சிறைமுகாமில் உயிர்நீத்த ஜார்ஜ் மதுரோ என்னும் இளைஞரின் பெற்றோர் தம் மைந்தரின் நினைவாகத் தந்த பொருளே அதற்கு முதலாயிற்று. மகனை இழந்த பெற்றோர் சலவைக்கல் தூண் எழுப்பவில்லை. குழந்தைகள் ஓடிக் களிக்கும் ஊரொன்றை எழுப்ப உதவினார்கள். சிற்றுரு விளையாட்டுப் பொருள் என்போர்க்கு இதைவிடச் சிறந்த மறுமொழி வேறில்லை.

நகல் மூலமான கதை

போர்ட்டன் சிற்றூரின் கதை 2013ஆம் ஆண்டில் ஒரு திருப்பத்தை அடைந்தது. சிறப்புக்குரிய கட்டடங்களைச் சட்டப்படி காக்க இங்கிலாந்தில் ஒரு பட்டியல் உண்டு. அப்பட்டியலில் இடம்பெற்ற கட்டடத்தின் தன்மையை உரிய அனுமதியின்றி மாற்றலாகாது, இடிக்கலாகாது. அவ்வாண்டு விடுதித் தோட்டத்துச் சிற்றூர் அப்பட்டியலின் இரண்டாம் தரத்தில் சேர்க்கப்பட்டது. பழங்கட்டடங்களின் நகலாகப் பிறந்த ஒன்று, எழுபத்தைந்து ஆண்டுகள் கடந்ததும், தானே ஒரு பழங்கட்டடம் என்னும் தகுதியைப் பெற்றது.

இதனை நாம் ஆழ்ந்து எண்ண வேண்டும். நகல் என்றால் மதிப்புக் குறைவு என்பது பொதுவான எண்ணம். போலிப் பணத்துக்கும் போலிக் கையெழுத்துக்கும் அது பொருந்தும். அவை தம்மை மூலம் என்று சொல்லி ஏமாற்றுகின்றன. அளந்து செய்த சிற்றுருவோ எவரையும் ஏமாற்றுவதில்லை. "நான் சிறியவன், என் மூலம் அதோ நிற்கிறது" என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. அத்தகைய நேர்மையான நகலில், செய்தவனின் காலமும் கையும் கண்ணும் பதிந்துவிடுகின்றன. 1930களின் கொத்தன் ஒருவன் தன் ஊரை எவ்விதம் கண்டான், எதனை முக்கியமென்று கருதினான், எவ்வளவு பொறுமையோடு கல்லை நறுக்கினான் என்பவற்றுக்கு அச்சிற்றூரே சான்று. அச்சான்று வேறெங்கும் இல்லை. அந்த அளவில் அது எதற்கும் நகலன்று. தனக்குத் தானே மூலம்.

எனினும், அதனால் இயலாத ஒன்றும் உண்டு. அந்த மூன்றடி விடுதியின் கதவைத் தட்டி எவரும் இரவு தங்க முடியாது. அடுப்பிருக்கும் இடம் உண்டு, சூடில்லை. படுக்கும் அறை உண்டு, உறங்குவோர் இல்லை. விடுதியின் உயிர் அதன் சுவரிலன்று, வருவோரை வரவேற்கும் சொல்லிலும் கிடைக்கும் ஒரு வாய் உணவிலும் இருக்கிறது. எந்த அளவுகோலாலும் அதனைச் சிறிதாக்கி எடுத்துவைக்க இயலாது. எனவேதான் அச்சிற்றுருவுக்கு முன்னால் உண்மை விடுதி ஒன்று நிற்க வேண்டியிருக்கிறது. அளவைச் சிற்றுரு காக்கட்டும். விருந்தோம்பலை மனிதர் காக்க வேண்டும்.

மாரிஸ் என்ற விடுதிக்காரர் மன்னரல்லர், பேராசிரியரல்லர். தம் ஊரை நேசித்த எளிய தொழிலர். அவர் நேசத்தை வாயால் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. அளவுநாடாவை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். பிறந்த ஊரின் பெருமையைப் பேசுவோர் எந்நாட்டிலும் பலர். அதன் பழைய விடுதிக்கு எத்தனை சாளரம், அதன் கூரையில் கல் எவ்விதம் அடுக்கப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. அளந்து பார்த்தவனுக்கே தன் ஊர் முழுமையாகத் தெரிகிறது. அவன் அளந்து வைத்தது, அவனுக்குப் பின் வருவோர்க்கு அவ்வூர் இன்னதென்று காட்டும் கையேடாகிறது.

பாதை மாறலாம்; பயணிகள் மாறலாம்; புதியது பழையதாகலாம். கடுகு சிறுத்தாலும் காரம் போவதில்லை.